இடுப்பு வலிக்குக் கடன் வாங்கும் முன்

(கூட்டமைப்பின் சுகாதாரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத குழு உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



போன கூட்டத்தில் கணக்குப் பார்த்தோம். இன்றைக்கு உடம்பைப் பார்ப்போம். ஆனால் இதுவும் கடைசியில் கணக்கில்தான் வந்து நிற்கும். நாங்கள் குழுக்களுக்கு வந்து உள்கடன் பதிவேட்டைப் புரட்டும்போது 'மருத்துவச் செலவு' என்று எழுதியிருக்கும். என்ன மருத்துவம் என்று கேட்டால் பல இடத்தில் ஒரே பதில்தான்: "இடுப்பு வலிங்க." ஊசி, மாத்திரை, ஸ்கேன், டவுனுக்குப் போய் வர பஸ் செலவு, கூலி இழப்பு. இவ்வளவும் ஆன பிறகும் வலி அப்படியே இருக்கிறது. அப்புறம் ஒருவர் வந்து "ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க, பெரிய கடனா வேணும்" என்று கேட்கிறார். அந்தக் கட்டத்தில் குழு என்ன கேட்க வேண்டும், அந்தச் சகோதரி மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு சின்ன வேலை. இடுப்பு வலி உள்ளவர்கள் எங்கே வலிக்கிறது என்று ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். உள்ளங்கையால் தடவ வேண்டாம், ஒரு விரல் போதும். பாவாடை நாடா கட்டுகிற கோட்டுக்கு மேலே, நடுமுதுகெலும்பைக் காட்டுகிறவர்கள் ஒரு வகை. நாடாக் கோட்டுக்குக் கீழே, ஒரு பக்கமாக, பின்புறத்தில் சின்னக் குழி மாதிரி இருக்கிறதே, அந்த இடத்தைக் காட்டுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகைக்காரர்களுக்கு வலி முதுகெலும்புத் தட்டில் இல்லாமல் வேறு ஒரு மூட்டில் இருக்கலாம். அதற்குப் பெயர் சாக்ரோ இலியாக் மூட்டு. மருத்துவர்கள் சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு என்பார்கள்.

முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக ஒரு எலும்பு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் அகலமான இடுப்பெலும்பு வந்து சேருகிறது. சேருகிற இடம் வலது ஒன்று, இடது ஒன்று. முழங்கால் மாதிரி மடங்கி நீளுகிற மூட்டு இல்லை இது. கட்டில் சட்டத்தில் காலைச் செருகி இறுக்கியிருப்பது போல, தடித்த நார்களால் இறுக்கிக் கட்டிய மூட்டு. அசைவு சில மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. மேல் உடம்பின் பாரம் முழுவதும் இது வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. கட்டில் கால் கொஞ்சம் ஆட்டம் கண்டால் என்ன ஆகும்? புரண்டு படுத்தால்கூட கிறீச்சிடும். இந்த மூட்டும் அப்படித்தான். புரண்டு படுக்கும்போது, உட்கார்ந்து எழும்போது, படி ஏறும்போது, ஒரு காலில் நின்று சேலை கட்டும்போது சுருக்கென்று பிடிக்கும். வலி பின்தொடை வரை இறங்கும், சிலருக்கு அதற்குக் கீழும் போகும். அதனால்தான் பலரும் இதை 'டிஸ்க்' என்றும் 'நரம்பு இழுக்குது' என்றும் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஏன் பெண்களுக்கு இது அதிகம்? கர்ப்ப காலத்தில் குழந்தைக்கு வழிவிடுவதற்காக இடுப்பு நார்கள் இளகுகின்றன. அது இயற்கை. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் மறுபடி இறுகிவிடும், சிலருக்கு வலி தங்கிவிடும். அந்த உடம்போடுதான் நாம் நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிகிறோம். குடத்தையும் பிள்ளையையும் எப்போதும் ஒரே பக்க இடுப்பில் வைக்கிறோம். வண்டியில் இருந்து விழுந்தது, வரப்பில் வழுக்கி உட்கார்ந்தபடி விழுந்தது, இவையும் காரணமாகும்.

நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் நூறு பேரை எடுத்தால் 15 முதல் 30 பேருக்கு வலி இந்த மூட்டில் இருந்து வருவதாக மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் ஏன் நமக்கு யாரும் சொல்லவில்லை? இதற்கு ஒரு கதை உண்டு. 1900-களின் தொடக்கத்தில் மேல்நாட்டு மருத்துவர்கள் இடுப்பு வலி என்றாலே இந்த மூட்டைத்தான் சொன்னார்கள். 1934-ல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கி எழுதினார்கள். அது உண்மையான கண்டுபிடிப்புதான். ஆனால் அதற்குப் பிறகு எல்லோர் கண்ணும் தட்டின் மேலேயே போய்விட்டது, மூட்டை மறந்துவிட்டார்கள்.

ஸ்கேன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 'எம்.ஆர்.ஐ.-ல டிஸ்க் தேய்ஞ்சிருக்குன்னு வந்திருக்கு' என்று சொல்லி அழுத சகோதரிகளைப் பார்த்திருக்கிறோம். 2015-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பில், முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பது போலத்தான். ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தால் அதுதான் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. முதுகுக்கு மட்டும் எடுக்கிற ஸ்கேனில் பல நேரம் எஸ்.ஐ. மூட்டு முழுதாகத் தெரிவதும் இல்லை.

இன்னொன்று, நம் ஊர்ப் பேச்சு. "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதுல இருந்துதான்" என்பது ஒன்று. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும். ஆண்டுக்கணக்கான இடுப்பு வலிக்கு அந்த ஊசியைக் காரணம் சொல்ல ஆதாரம் இல்லை. இதைவிடக் கவலையான பேச்சு ஒன்று உண்டு: "பிள்ளைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துட்டா இடுப்பு வலி போயிடும்." கர்ப்பப்பையில் நோய் இருந்தால் அதற்குரிய மருத்துவம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் புரண்டு படுத்தால் கூடுகிற வலிக்கும் படி ஏறினால் பிடிக்கிற வலிக்கும் கர்ப்பப்பையை எடுப்பது மருந்தே இல்லை. எடுத்த பிறகும் மூட்டு அங்கேயேதான் இருக்கும், வலியும் இருக்கும். இதை அடுத்த தெருவுக்கும் போய்ச் சொல்லுங்கள்.

சரி, இந்த மூட்டுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நல்ல எலும்பு மருத்துவரோ பிஸியோதெரபிஸ்ட்டோ உங்களைப் படுக்க வைத்து, தொடையை மடக்கி அழுத்தி, இடுப்பைப் பக்கவாட்டில் அமுக்கி, ஒரு காலை மறுகால் மேல் நாலு மாதிரி வைத்து அழுத்திப் பார்ப்பார். இப்படி ஐந்து விதமான சோதனைகள் பழக்கத்தில் உள்ளன. ஒன்றில் மட்டும் வலித்தால் கணக்கில்லை. மூன்றிலாவது அதே பழைய வலி வந்தால் இந்த மூட்டின் மேல் சந்தேகம் பலமாகும். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம், கையும் பொறுமையும்தான் வேண்டும். அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மூட்டு வலி எல்லாம் தேய்மானமோ ஆட்டமோ இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இளவயதில் தொடங்கி, காலையில் எழுந்தால் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்துப்போய், வேலை செய்யச் செய்யக் குறைகிற வலி வாத நோயாக இருக்கலாம். அதற்கு மருந்துகள் தனி. மாலையில் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை இருந்தால் காசநோய் இந்த மூட்டிலும் வரும் என்பதை மறக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் அதற்கு மருந்து இலவசம். மாடு, ஆடு வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சாத பால் குடிப்பதாலும், கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதாலும் புருசெல்லோசிஸ் என்ற தொற்று வருகிறது. விட்டுவிட்டுக் காய்ச்சலும் இந்த மூட்டு வலியும் அதன் அடையாளங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் "வீட்டுல மாடு இருக்கு" என்று நீங்களே சொல்லுங்கள். கால் மரத்துப்போய் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அது அவசரம். அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும், குழுக் கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது.

மருத்துவத்தைப் பொறுத்தவரை முதல் படி உடற்பயிற்சி. பின்புறத் தசையும் வயிற்றுத் தசையும் பலமானால் அவையே மூட்டைப் பிடித்துக்கொள்ளும். இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்டுகிற பெல்ட் சிலருக்கு நன்றாக உதவும். அதை வயிற்றின் மேல் கட்டக் கூடாது, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகக் கட்ட வேண்டும். பக்கவாட்டில் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணையோ மடித்த பழைய சேலையோ வையுங்கள். புரளும்போது இரண்டு முழங்காலையும் சேர்த்துப் புரளுங்கள். குடத்தைப் பக்கம் மாற்றி வையுங்கள், முடிந்தால் வீட்டு ஆண்களைத் தூக்கச் சொல்லுங்கள். சிரிக்கிறீர்கள், ஆனால் இதுவும் வைத்தியம்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிஸியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதற்கு ஏற்பாடு உண்டு. அதில் உள்ள பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் நம்மைப் போன்ற குழுக்களில் இருந்து போனவர்கள்தான். அவர்களிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.

சில மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் அடுத்தது ஊசி. எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைப் போடுவார்கள். அந்தச் சில மணி நேரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தால் இடம் இதுதான் என்று தெரியும். அதாவது இந்த ஊசி வைத்தியம் மட்டும் இல்லை, சாட்சியும் கூட. ஸ்டீராய்டும் சேர்த்துப் போட்டால் சர்க்கரை ஏறும், ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் முன்பே சொல்ல வேண்டும். கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தாலும் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்ல வேண்டும்.

இப்போது அறுவைச் சிகிச்சைக்கு வருவோம். முன்பெல்லாம் பெரிதாகத் திறந்து மூட்டை ஒட்ட வைப்பார்கள். இப்போது பின்புறப் பக்கவாட்டில் சுமார் 3 செ.மீ. கீறி, முக்கோண வடிவ டைட்டானியம் ஆணிகளை, பெரும்பாலும் மூன்று, மூட்டின் குறுக்கே அடிக்கிறார்கள். ஆட்டம் கண்ட கட்டில் காலுக்கு ஆப்பு அடிக்கிற அதே யோசனை. அமெரிக்காவில் 2008-ல் இந்த வகை ஆணிக்கு அனுமதி கிடைத்தது. சுமார் ஒரு மணி நேர வேலை, ஓரிரு நாளில் வீடு. 'சின்னத் தழும்புதாம்மா' என்பார்கள். தழும்பு சின்னதுதான். ஆனால் சில வாரம் ஊன்றுகோலோடு நடக்க வேண்டும், சில மாதம் பாரம் தூக்கக் கூடாது. அந்த மாதங்களில் நடவு வந்தால் கூலி இல்லை. கிருமி தொற்றுவது, ஆணி நரம்பை உரசுவது, மறுபடி திறக்க வேண்டி வருவது, இவையும் சிலருக்கு நடக்கின்றன.

பலன் என்ன? அமெரிக்காவில் 148 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஆறு மாதத்தில், அறுவை செய்துகொண்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். பயிற்சி, மருந்து, ஊசி என்று இருந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஆணி தயாரிக்கிற நிறுவனம். யாருக்கு ஆபரேஷன் நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

2024-ல் நார்வே, சுவீடன் மருத்துவர்கள் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். 63 பேர். பாதிப் பேருக்கு உண்மையான அறுவை. மீதிப் பேருக்கு அதே மயக்கம், அதே இடத்தில் கீறல், தையல், ஆனால் உள்ளே ஆணி வைக்கவில்லை. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது, அவர்கள் சம்மதத்தோடுதான் நடந்தது. ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் வலி குறைந்திருந்தது. ஆணி வைத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தாலும், ஆணியால்தான் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

இதனால் இந்த அறுவையே ஏமாற்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நன்றாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு நடமாட்டம் திரும்பியிருக்கிறது. ஆனால் உயிர் காக்கும் அவசர ஆபரேஷன் இல்லை இது. "இந்த வாரமே பணம் கட்டணும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

எனவே இந்த வலிக்கு ஆபரேஷன் கடன் விண்ணப்பம் வந்தால் ஊக்குநர்கள் அன்போடு கேளுங்கள், விசாரணை மாதிரி வேண்டாம். "அக்கா, கையால சோதிச்சுப் பார்த்தாங்களா? எத்தனை மாசம் பயிற்சி செஞ்சீங்க? மூட்டுல ஊசி போட்டுப் பார்த்தாங்களா, எவ்வளவு குறைஞ்சது? இன்னொரு டாக்டர்கிட்ட, அரசு மருத்துவமனையில கேட்டீங்களா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில வருமான்னு அங்க இருக்கிற காப்பீட்டுப் பிரிவில கேட்டீங்களா?" ஊசி போட்டுப் பார்க்காமலேயே ஆணி அடிக்கச் சொன்னால், கடனைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் இரண்டாவது மருத்துவரிடம் ஒரு ஆளைத் துணைக்கு அனுப்புங்கள். பஸ் செலவைக் குழு கொடுக்கட்டும், தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளலாம். அந்தத் தொகை சின்னது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பரணில் கிடக்கிற பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள், தேதிவாரியாக அடுக்கித் தருகிறோம். இப்போது பாயை விரியுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்க வேண்டும். கர்ப்பிணிகளும் புதிதாக ஆபரேஷன் ஆனவர்களும் பார்த்தால் போதும். முன்வரிசையில் இருந்து தொடங்கலாம்.