சுறாவுக்கும் நமக்கும் என்ன கணக்கு?



இன்று சுறாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். நியாயம்தான். பஞ்சாலையில் நூல் இழுக்கிறவர்களுக்கும், சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவர்களுக்கும் சுறாவோடு என்ன சம்பந்தம்? சுறாப்புட்டு தின்றிருப்போம். பிள்ளை பெற்ற வீட்டில் பால் சுரக்கட்டும் என்று பால்சுறாக் குழம்பு வைத்திருப்போம். அதற்கு மேல் என்ன?

இருக்கிறது. ஒரு ஜீவனுக்குக் கெட்ட பெயர் எப்படி வந்தது, அதைப் பிடிக்கிறவன் கைக்கு என்ன வந்தது, லாபம் எந்தப் பக்கம் போயிற்று என்று பார்ப்போம். நமக்குப் பழக்கமான சங்கதிகள்தான் தென்படும்.

முதலில் பயத்தை எடுத்துக்கொள்வோம். சுறா என்றால் ஆள்விழுங்கி என்கிறார்கள். கணக்கு என்ன சொல்கிறது? உலகத்தில் 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உண்டு. மனிதனைக் கடித்ததாகப் பதிவானவை அவற்றில் மிகச் சிலவே. சீண்டாத மனிதனைச் சுறா கடிப்பது உலகம் முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 65 தடவை. அதில் சாகிறவர்கள் சராசரியாக 5 அல்லது 6 பேர். மனிதன் கொல்லும் சுறா எத்தனை? 2019-ஆம் வருஷத்தில் மட்டும் சுமார் 8 கோடி என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். யார் யாரைக் கண்டு அஞ்ச வேண்டும்?

இந்தப் பயத்தையும் காசாக்கியவர்கள் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த கதையைப் பாருங்கள். இடுப்பில் கயிறு, காலில் கல், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிஷ நேரம் கடலடியில் சிப்பி பொறுக்குவது. இதுதான் வேலை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, இருபதில் ஒரு பங்கு, பெரிய மீன்கள் ஆளைத் தீண்டாமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு. அந்த மந்திரக் கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். எதற்கு? இருட்டில் எவனும் திருட்டுத்தனமாக இறங்கி முத்தெடுக்கக் கூடாது என்பதற்கு! பகலில் மந்திரத்துக்குக் கட்டுப்பட்ட சுறா, இரவில் ராஜாவின் சொத்துக்குக் காவல்காரன்.

வெள்ளைக்காரன் வந்த பிறகும் இது நிற்கவில்லை. ‘கடல்கட்டி’ என்று பெயர் கொண்ட அந்த மந்திரக்காரரை ஆங்கிலேய சர்க்காரே அமர்த்திக் கூலி கொடுத்தது. துரைமார்களுக்கு மந்திரத்தில் நம்பிக்கையா? இல்லை. கடல்கட்டி இல்லாவிட்டால் ஆட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். ஆட்கள் இறங்காவிட்டால் வருமானம் இல்லை. அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான படகுகளின் இரைச்சலில் சுறா ஒதுங்கிப் போவது இயற்கை. பெயர் மந்திரத்துக்குப் போயிற்று.

குளித்தவனுக்கு என்ன கிடைத்தது? இலங்கைக் கரையில் 1905-ல் நடந்த பெரிய முத்துக்குளிப்பில் சர்க்காருக்கு வந்தது சுமார் 25 லட்சம் ரூபாய். சிப்பியை மூன்று கூறாக்கி இரண்டு கூறு சர்க்கார் எடுத்துக்கொண்டது. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு மிச்சம் ஒரு கூறு. அவர்களில் சுறாவால் செத்தவர்கள் அபூர்வம். கரையில் போட்ட கொட்டகைகளில் காலராவுக்குப் பலியானவர்களே அதிகம். ஆனால் காலராவைக் கட்ட ஒரு கட்டியும் வரவில்லை!

அடுத்து, சுறாவுக்கு வந்த கதியைப் பார்ப்போம். 1940-ல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த காட் மீன் எண்ணெய் நின்றது. விட்டமின் ஏ-க்கு எங்கே போவது? சுறாவின் ஈரலில் அது நிறைய உண்டு. கலிபோர்னியாக் கரையில் சுறாவின் விலை ஏறியது. ஜனங்கள் படகுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நம் பக்கத்திலும், அன்றைய சென்னை மாகாணத்துக் கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் எடுத்தார்கள். யுத்தம் முடிந்த சில வருஷங்களில் விட்டமினை ரசாயனத்தால் செய்யக் கற்றுக்கொண்டார்கள். விலை விழுந்தது. அதற்குள் கலிபோர்னியாவில் அந்தச் சுறா இனம் அருகிவிட்டது. கடன் வாங்கிப் படகு வாங்கியவன் கரையில் நின்றான்.

சுறா ஏன் இவ்வளவு சீக்கிரம் அருகுகிறது? மத்தி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுறா அப்படியல்ல. அதை மீன் என்று எண்ணாமல் பசு என்று எண்ணிக்கொள்ளுங்கள். பல இனங்கள் ஏறக்குறைய ஒரு வருஷம் வயிற்றில் சுமந்து சில குட்டிகளை ஈனும். பருவத்துக்கு வரவே பல வருஷம் ஆகும். சினைச் சுறாவையும் குட்டிச் சுறாவையும் அள்ளுவது விதைநெல்லைக் குத்தித் தின்பதைப் போன்றது. விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1970-க்கும் 2018-க்கும் இடையில் ஆழ்கடல் சுறாக்களும் திருக்கைகளும் நூற்றுக்கு 71 பங்கு குறைந்துவிட்டன.

ஈரலுக்குப் பின் வந்தது துடுப்பு மோகம். ஹாங்காங் விருந்துகளில் சுறாத் துடுப்புச் சூப் அந்தஸ்தின் அடையாளம். துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் உடலைக் கடலில் வீசும் கொடுமை பல நாட்டுக் கப்பல்களில் நடந்தது. நம் கரையில் அப்படி வீசும் வழக்கம் பெரிதாக இல்லை. இங்கே இறைச்சியையும் தின்கிறோம், கருவாடும் போடுகிறோம்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்தாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டி, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வந்தபோது, எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்த இந்தக் கரையோரத்து மீனவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது சுறாவல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

சுறாவைக் காக்கச் சட்டங்கள் வந்தன. 2001-ல் சுறா, திருக்கை வகைகளில் பத்து இனங்களைப் பிடிக்கக் கூடாது என்றார்கள். 2013-ல் துடுப்பு உடலோடு ஒட்டியிருக்கத்தான் கரை சேர்க்க வேண்டும் என்றார்கள். 2015-ல் துடுப்பு ஏற்றுமதியையே தடை செய்தார்கள். 2022-ல் பட்டியல் இன்னும் நீண்டது. சட்டம் வேண்டும், அதில் நமக்கு மாறுபாடில்லை. சுறா அற்றுப்போனால் முதலில் பட்டினி கிடப்பவன் சுறா பிடிப்பவன்தான். ஆனால் சட்டத்தின் பாரம் எவன் தோளில்? துடுப்பை வைத்துப் பணம் பண்ணிய வியாபாரி வேறு சரக்குக்கு மாறிக்கொள்வான். நடுராத்திரியில் தூண்டில் கயிற்றை இழுப்பவன், மேலே வருவது பட்டியலில் உள்ளதா இல்லாததா என்று விழிக்கிறான். விட்டால் கூலி இல்லை; விடாவிட்டால் வழக்கு.

இதற்கு வழியே இல்லையா? குஜராத்தைப் பாருங்கள். வேராவல் கரையில் அம்மணி உழுவை என்று நாம் சொல்லும் பெருஞ்சுறாவை, உலகத்திலேயே பெரிய மீனை, ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். மனிதனை ஒன்றும் செய்யாத சாது அது. 2001-ல் தடை வந்தது. தடை மட்டும் போதவில்லை. 2004-லிருந்து ஊர் ஊராகப் போய் மீனவர்களிடம் பேசினார்கள். வலையில் அகப்பட்ட மீனை விடுவிக்க வலையை அறுத்தால், அந்த வலைக்கு சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். அதன் பிறகு மீனவர்களே தங்கள் கையால் வலையை அறுத்துப் பல நூறு மீன்களைக் கடலுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். முன்பு அந்த மீனைப் பீப்பாய் என்று அழைத்தவர்கள் இப்போது ‘வாலி’, அதாவது செல்லம், என்று அழைக்கிறார்கள்.

மனம் மாறியது உண்மை. ஆனால் அறுந்த வலைக்கு விலை கிடைத்ததையும் மறக்கக் கூடாது. வயிற்றில் அடித்துவிட்டு இரக்கத்தைப் போதித்தால் யார் காதில் ஏறும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது இவைதாம். எந்த இனத்தை விட வேண்டும் என்பதைப் படத்தோடு, தமிழில், ஒவ்வொரு துறைமுகத்திலும் சொல்லிக் கொடுக்க வேண்டும். விடுவித்த மீனுக்கும் அறுந்த வலைக்கும் ஈடு கொடுக்க வேண்டும். குட்டி ஈனும் இடங்களையும் காலங்களையும் மீனவர்களைக் கலந்து நிர்ணயிக்க வேண்டும்; கடலை அவர்களைவிட அறிந்தவர் யார்? ஆழ்கடல் படகு ஒவ்வொன்றுக்கும் புயல் செய்தி எட்ட வேண்டும். நாமும் சந்தையில் முழ நீளக் குட்டிச் சுறாவைக் கூறு கட்டி வைத்திருந்தால் வாங்காமல் வர வேண்டும்.

பட்டினப்பாலை பாடிய காலத்திலேயே நம் பரதவர் சுறாக் கொம்பை நட்டுத் தெய்வமாக வணங்கினார்கள். அவர்கள் சுறாவைத் தின்னாதவர்கள் அல்லர். பிடித்தார்கள், தின்றார்கள், மதித்தார்கள். சுறாவும் இருந்தது, அவர்களும் இருந்தார்கள். இன்றும் அது முடியும். கடலோரத்துத் தொழிலாளி தனியாக நின்று இதைக் கேட்டால் சர்க்கார் காதில் விழாது. ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் நாமும் சேர்ந்து கேட்க வேண்டும். அதற்காகத்தான் இன்று உங்களிடம் சுறாவைப் பற்றிப் பேசினோம்.