இரு தேசங்களின் விவாகக் கணக்கு
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தார் ஒன்று கூடுமிடத்துப் பேச்சு எதில் தொடங்கினும் விவாகத்தில் வந்து முடிதல் வழக்கம். எவ்வீட்டில் பெண் இருக்கிறாள், எவ்வீட்டில் பிள்ளை இருக்கிறான் என்னும் விசாரணையின்றிப் பந்தி எழுவதில்லை. ஆகவே யானும் விவாகத்தைப் பற்றியே பேசத் துணிந்தேன். ஆயினும் ஒரு வீட்டு விவாகத்தையன்று, இரண்டு தேசங்களின் விவாகத்தை. ஒன்று நம் இந்தியா, மற்றொன்று ஜப்பான். இரண்டும் ஆசியக் கண்டத்துப் பழைய நாடுகள். இரண்டிலும் பெரியோர் பார்த்து முடிக்கும் மணம் நெடுங்காலம் வேரூன்றி நின்றது. அங்ஙனமிருந்தும் இன்று அவ்விரண்டும் அடைந்துள்ள நிலைகள் வேறு வேறு.

முதலில் கணக்கை நோக்கும் முறையைக் கூறுவேன். 2011 ஆம் வருஷத்துக் குடிமதிப்பின்படி இந்தியாவின் 121 கோடி மக்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் விவாகமாகாதவர். இதைக் கண்டு, இந்தியர் இல்லறத்தை வெறுக்கின்றனர் என்று ஒருவர் முடிவு கட்டுவாராயின் அது நகைப்பிற்கிடமாகும். அவர்களுட் பெரும்பாலோர் தொட்டிலிலும் பள்ளியிலும் இருப்போர். ஆதலின் ஒத்த வயதினரை ஒத்த வயதினரோடு ஒப்பிடுவதே முறை. நாம் ஐம்பது வயதை எல்லையாகக் கொள்வோம்.

ஜப்பானில் 1970 ஆம் வருஷத்தில், ஐம்பது வயதளவும் மணமாகாதிருந்தோர் ஆடவருள் நூற்றுக்கு 1.7, பெண்டிருள் 3.3. 2020 ஆம் வருஷத்தில் அத்தொகை ஆடவருள் 28 ஆகவும், பெண்டிருள் 18 ஆகவும் உயர்ந்துவிட்டது. இந்தியாவிலோ அவ்வயதை நெருங்கும் பெண்டிருள் மணமாகாதவர் நூற்றுக்கு ஓரிருவரே.

ஜப்பானில் இம்மாறுதல் எவ்வாறு நேர்ந்தது? 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கு நடந்த மணங்களுள் பத்தில் ஏழு, நடுவர் ஒருவர் முன்னின்று இரு குடும்பங்களையும் சந்திக்கச் செய்து முடித்தவை. 1960 களின் இறுதியில் தாமே தேர்ந்து கொள்ளும் மணங்கள் அவற்றை விஞ்சின. 1990 க்குப் பின் வியாபாரம் தளர்ந்து, நிலையான உத்தியோகம் பெறாத இளைஞர் பெருகினர். குடும்பத்தைத் தாங்கும் வருவாயில்லாதவனுக்கு மணம் எட்டாக் கனியாயிற்று. அந்நாட்டில் விவாகத்திற்குப் புறம்பே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு இரண்டு என்னுமளவே; ஆதலால் மணம் குறையப் பிறப்பும் குறைந்தது. 2016 ஆம் வருஷத்தில் பிறப்பு பத்து லட்சத்திற்குக் கீழ் இறங்கிற்று. 2020 ஆம் வருஷத்தில் நூறு குடும்பங்களுள் 38 தனியொருவர் வாழும் குடும்பங்கள்.

இதைக் கேட்டதும், "பெண்களைப் படிக்க வைத்ததன் பயன் இது" என்று கூறுவார் நம்மிடையே உளர். அவர் கருத்து பிழை. 2021 ஆம் வருஷத்தில் அந்நாட்டு இளைஞரை வினவியபோது, மணமாகாத ஆடவருள்ளும் பெண்டிருள்ளும் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் தாம் என்றேனும் மணஞ் செய்துகொள்ளவே விரும்புவதாகக் கூறினர். அவர்கள் வெறுத்தது விவாகத்தையன்று. உத்தியோகச் சுமையும் வீட்டுச் சுமையும் ஒருத்தி தலையிலேயே ஏறும் நிலையைப் பெண்கள் அஞ்சினர். ஊதியக் குறைவை ஆடவர் அஞ்சினர்.

ஜாதகம் பார்க்கும் நம்மவர் அறியத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. நம்மைப் போலவே ஜப்பானியர்க்கும் அறுபதாண்டுச் சக்கரம் உண்டு. அதில் 'நெருப்புக் குதிரை' என்னும் வருஷத்திற் பிறந்த பெண் கணவனுக்குக் கேடு செய்வாள் என்பது அவர் பழைய நம்பிக்கை. 1965 ஆம் வருஷத்தில் 18 லட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்த நாட்டில், நெருப்புக் குதிரை வருஷமாகிய 1966 இல் பிறந்தவை 13.6 லட்சம். மறு வருஷம் தொகை மீண்டும் உயர்ந்துவிட்டது. அவ்வருஷத்தில் பிறந்த பெண்களுக்கு ஒரு கேடும் நேரவில்லை. பெற்றோரின் அச்சமே தேசத்தின் கணக்கை மாற்றிற்று.

இனி நம் தேசத்தின் குறையைக் கூறுவேன். 1929 ஆம் வருஷத்துச் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு என்று வகுத்தது. 1978 இல் அது பதினெட்டாயிற்று. ஆயினும் 2005-06 ஆம் வருஷத்து ஆய்வில், இருபது முதல் இருபத்து நான்கு வயதுள்ள பெண்டிருள் பதினெட்டுக்கு முன்பே மணமானவர் நூற்றுக்கு 47 பேர். 2019-21 இல் அது 23 ஆகக் குறைந்தது. இது மகிழத்தக்கதே, எனினும் நால்வருள் ஏறக்குறைய ஒருத்தி என்பது சிறு தொகையன்று.

இதனினும் பெரிது கைம்பெண்டிர் கணக்கு. 2011 இல் துணையை இழந்தோர் ஏறக்குறைய 5.5 கோடி. அவர்களுள் பெண்டிர் 4.3 கோடி, ஆடவர் 1.2 கோடி. இவ்வேற்றுமைக்குக் காரணங்கள் மூன்று. கணவன் மனைவியினும் மூத்தவன். பெண்டிர் ஆடவரினும் நீண்ட ஆயுள் உடையவர். இவ்விரண்டும் ஜப்பானிலும் உண்டு. அங்கும் முதியோருள் கைம்பெண்டிரே மிகுதி. மூன்றாவது காரணம், மனைவியை இழந்தவன் மறுமணம் செய்துகொள்ள, கணவனை இழந்தவள் வாளா இருப்பது. முன்னிரண்டும் இயற்கையின்பாற்பட்டவை, மூன்றாவது நம் செய்கை. விதவா விவாகச் சட்டம் 1856 ஆம் வருஷத்தே பிறந்தது. சட்டம் கதவைத் திறந்தது. நாம் வாயிலை அடைத்து நிற்கிறோம்.

என் அத்தையார் ஒருவர் பத்தொன்பது வயதில் கணவனை இழந்தார். எங்கள் வீட்டு விவாகங்கள் யாவற்றிற்கும் இரவெல்லாம் விழித்துச் சமைத்தவர் அவரே. தாலி கட்டும் வேளையில் மட்டும் கொல்லைப்புறம் சென்று நிற்பார். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. யாரும் வரச் சொன்னதுமில்லை. எண்பது வயது வரை அங்ஙனமே நின்றார். நான்கு கோடி என்னுந் தொகையைப் படிக்குந்தோறும் எனக்குத் தோன்றுவது அக்கொல்லை வாயிலே. அவரும் கற்பிக்கப் பெற்றிருப்பின் என்ன ஆகியிருப்பார் என்று எண்ணுகிறேன். இளமையிலேயே கைம்பெண்ணாகி, 1911 இல் பட்டம் பெற்று, சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்துக் கல்வி புகட்டிய சுப்புலட்சுமி அம்மையார் நம் நாட்டவரேயன்றோ?

சகோதரர்களே! யான் வேண்டுவன மூன்று. சங்கத்து வரன் ஏட்டில், மறுமணத்திற்கு இசையும் கைம்பெண்டிர் பெயரையும், அவர் சம்மதம் பெற்று, மற்றவர் பெயரோடு ஒரே வரிசையில் எழுதுக. பெண் படித்து முடிக்குமுன் வரன் தேடாதொழிக. மணமாகாதிருப்பாரைக் குறையுடையாராக எண்ணாதொழிக. மூன்றாவது மிக எளிது, பொருட்செலவும் இல்லை. அடுத்து உங்கள் வீட்டில் நடைபெறும் மணத்தில், கொல்லைப்புறம் நிற்கும் அம்மையாரைக் கைப்பிடித்து அழைத்து வந்து, மணமேடையின் முன் அமரச் செய்து, அட்சதையை அவர் கையிற் கொடுங்கள்.