மாதவிலக்கு வலிக்கு மருத்துவம் உண்டு



பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் மாதவிலக்கு நாள்களில் அடிவயிற்று வலியை மறைத்துக்கொண்டு, விடியுமுன் பால்மரம் சீவச் செல்லும் பெண்கள் இன்றும் உள்ளனர். அவர்களை எண்ணியே பேசுகின்றோம்.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த படலம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ குடலருகிலோ வளர்வதுண்டு. அந்நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். மாதந்தோறும் அங்கே கசியும் உதிரம் வெளியேற வழியில்லை. ஆதலால் அழற்சியும் தழும்பும் வலியும் உண்டாகின்றன. பிள்ளை பெறும் வயதுடைய பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. திருமணமானால் சரியாகிவிடும் என்பார் பாட்டிமார். நாம் அதனை ஏற்பதற்கில்லை.

முதலில் மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்ற வலிநீக்கிகள் தரப்படும். வலி முற்றுமுன், உணவுக்குப் பின் உட்கொள்ள வேண்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா உடையோர் அதனை முன்னரே மருத்துவரிடம் கூறுக.

அடுத்தது ஹார்மோன் மருந்து. இங்கேதான் வீட்டில் சச்சரவு எழுகின்றது. கன்னிப் பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எதற்கு என்று பெற்றோர் கேட்கின்றனர். மாத்திரை ஒன்றேயாயினும் இங்கு நோக்கம் வேறு. படலத்தின் வளர்ச்சியை அடக்கி வலியைக் குறைப்பதற்கே அது தரப்படுகின்றது. அதனால் மலடு உண்டாகாது. டயனோஜெஸ்ட் மாத்திரை, மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசி, கருப்பையினுள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் ஆகியவையும் உண்டு. ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்கச் சில மாதங்கள் தாமதமாகலாம். ஆகவே, விரைவில் குழந்தை வேண்டுவோர் அதனைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மருந்துக்கு அடங்காவிடில், சிறு துளையிட்டு அப்படலத்தை அகற்றுவர். வலி குறையும், நோய் மீண்டும் வருதலும் கூடும். கருப்பையையே நீக்கினாலும் வலி முற்றும் போகுமென உறுதி கூற இயலாது.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். தேவையாயின், அங்கிருந்து கடிதம் பெற்று ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குச் செல்லலாம். வலித்த நாள்களையும் வேலைக்குப் போக இயலாத நாள்களையும் நாள்காட்டியில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவச் சான்றிதழ் பெற்றால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்துடன் நோய்விடுப்பு உண்டு: ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குக் குறைந்ததற்கு 18, அதற்கு மேல் 22.