பழையது காத்திருக்கப் புதியது வரட்டும்



ரப்பர் மரத்தில் வழக்கமாக ஒரு பாதியில்தான் பால் வெட்டுகிறோம். மறுபாதிப் பட்டை தொடாமல் இருக்கும். இந்தப் பக்கம் முடிந்த பிறகே அந்தப் பக்கம் போகிறோம். இதே முன்யோசனை இன்று பல கைப்பேசிகளுக்குள்ளும் இருக்கிறது.

கைப்பேசியை இயக்குவது அதனுள் எழுதப்பட்டிருக்கும் மென்பொருள். அதற்கு அவ்வப்போது புதிய பதிப்பு வரும். பழைய முறையில், இருந்ததை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதுவார்கள். பாதியில் பேட்டரி தீர்ந்துவிட்டால்? பழையது போயிற்று, புதியதும் முழுமையாக இல்லை. கைப்பேசி வெறும் கல்லாகிவிடக்கூடும். பட்டணத்தில் வேலை செய்யும் மகன் அழைப்பது அந்த ஒரு கைப்பேசியில்தான் என்றால், வீட்டுக்கு எவ்வளவு கஷ்டம்!

இதற்குக் கண்ட வழிதான் இரண்டு அறை முறை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு இது 2016ஆம் ஆண்டில், 7ஆம் பதிப்போடு வந்தது. மென்பொருளுக்கென இரண்டு அறைகள். ஓர் அறையில் உள்ளது வேலை செய்யும். மற்றது சும்மா இருக்கும். புதிய பதிப்பு அந்தச் சும்மா இருக்கும் அறையில் எழுதப்படுகிறது. அந்நேரத்தில் நீங்கள் வழக்கம்போல் பேசிக்கொண்டிருக்கலாம். பிறகு கைப்பேசி ஒருமுறை அணைந்து எழும்போது, அதைத் தொடங்கி வைக்கும் சிறு நிரல் புதிய அறையைத் திறக்கிறது.

எழுதி முடித்ததும் வேலை முடிந்ததா? இல்லை, நேயர்களே. புதியது சரியாக எழுந்து நின்று, நலமாக இருப்பதாகக் குறித்து வைக்க வேண்டும். சில முறை முயன்றும் எழாவிட்டால், அந்தச் சிறு நிரல் பழைய அறைக்கே திரும்பிவிடும். கைப்பேசி பிழைத்துக்கொள்ளும்.

ஆனாலும் இரண்டு எச்சரிக்கைகள். எல்லாக் கைப்பேசிகளிலும் இந்த வசதி இல்லை. ஆகவே, புதுப்பிக்கும் முன் பேட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்யுங்கள், நடுவில் அணைக்காதீர்கள். அடுத்து, இரண்டு அறைகளும் மென்பொருளுக்குத்தான். பிள்ளைகளின் படங்களும் உறவினர் எண்களும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. படங்களை வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்; முக்கியமான எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

புதியது தன்னை நிரூபிக்கும் வரை பழையதைக் கைவிடக் கூடாது. நம் பெரியவர்கள் வாழ்க்கையில் கடைப்பிடித்ததை இன்று கருவியும் கடைப்பிடிக்கிறது.