எழுத்துணரியும் அயல்முதலும்



இந்திய ஒன்றியத்தின் 1973-ஆம் ஆண்டு அயற்செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், பெரும்பாலான தொழில்களில் அயலார் பங்கு நூற்றுக்கு 40-ஐ மிஞ்சலாகாது என்றது. அதற்கு ஒப்பாத ஐ.பி.எம். 1978-இல் வெளியேறிற்று. அதன் கணிப்பொறிகளை அரசின் சி.எம்.சி. நிறுவனம் பேணியது, நம்மவர் கைக்குத் திறன் வாய்த்தது அங்ஙனமே! 1991-க்குப் பின் அவ்வரம்பு தளர்ந்தது. அது கிடக்க.

அதே 1978-இல்தான் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் அச்சான நூல்களில் லை, ளை, னை முதலியன துதிக்கை வளைத்து நிற்கும். அவற்றைப் படிக்க எழுத்துணரிக்கு யார் கற்பிப்பது? எச்.பி. ஆய்வகத்திற் பிறந்த டெசராக்ட் 2005-இல் மூலநிரலோடு வெளியிடப்பெற்றது; எவரும் அதனைப் பழக்கலாம். அயலான் முதலிடக் காத்திருப்பானேன்? இட்டவன் ஊதியமும் கேட்பானன்றோ! பழநூற் பக்கப் படிகளையும், பிழையறத் தட்டெழுதிய பாடத்தையும் இணைத்துப் பொதுவில் வையுங்கள்.