மூன்று மாதக் கணக்கு
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை. பதினெட்டு வருஷமாக சர்க்கரை வியாதியோடு குடித்தனம் நடத்துகிறவன். அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

பல வருஷம் நான் ஒரு தந்திரம் செய்துவந்தேன். ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே ராத்திரி சாதமும் பட்சணமும் கிடையாது. வெறும் வயிற்றில் 118 என்று வரும். அதை அகத்தில் காட்டிப் பெருமைப்பட்டுவிட்டு, அன்று மத்தியானமே சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம் என்று ஒரு பிடி பிடிப்பேன். கண் டாக்டர் விழித்திரையில் ரத்தக் கசிவு இருக்கிறது என்றபோது நம்பவில்லை. பிறகு ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்தார்கள். 8.9! குட்டு வெளிப்பட்டது.

இங்கிருந்து மாதேஸ்வர மலை வழியாக மேட்டூர் போகிறவர்களுக்கு எல்லையில் உள்ள பாலாறு சோதனைச் சாவடி தெரியும். விரலில் குத்திப் பார்ப்பது, அங்கே ஒரு வண்டியை நிறுத்திப் பார்ப்பது மாதிரி. ஏ1சி என்பது மூன்று மாதப் பதிவேடு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட சர்க்கரை கடைசிவரை விடாது. எத்தனை சதவீதத்தில் ஒட்டியிருக்கிறது என்பதே அந்த எண். 7 என்றால் சராசரி சர்க்கரை 154. 8 என்றால் 183. 9 என்றால் 212. மூன்று நாள் பத்தியம் அதனிடம் செல்லாது. ஆனால் ரத்தசோகை இருந்தால் எண் கூடக் குறையக் காட்டலாம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏ1சி ஒரு சதவீதம் குறைந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்க் கோளாறுகள் 37 சதவீதம் குறைவாக இருந்ததாக 2000-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு சொல்கிறது. நம் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வியாதியின் வாசலில் நின்றவர்களுக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடுமே அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தன. அகத்தில் உள்ள பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

நான் செய்தது பெரிய விஷயமில்லை. சாதத்தைப் பாதியாக்கி, கறி, கூட்டை இரட்டிப்பாக்கினேன். சாப்பிட்டதும் படுக்காமல் கால் மணி நடை. மாத்திரையை வேளை தவறாமல். ஏகாதசி உபவாசத்தை மட்டும் டாக்டரைக் கேட்டே வைத்துக்கொள்கிறேன். சில மாத்திரைகளோடு பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். எழுபதைத் தாண்டியவர்கள் 7-க்குக் கீழே வந்தே தீரவேண்டும் என்றும் இல்லை. அவரவர் இலக்கை டாக்டர் சொல்வார்.

போன தடவை எனக்கு 7.4. அடுத்த பரிசோதனை தீபாவளி கழிந்து. அதற்குள் மாளயபட்சம், நவராத்திரிச் சுண்டல், பட்சணம் எல்லாம் வருகிறதே என்றுதான் கொஞ்சம் பயம்.