சொல்லும் துணிவும் கேட்கும் பொறுமையும்
(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியாற்றிய நான், என் பணியில் நேர்ந்த ஒரு தவற்றினை முதற்கண் கூற விரும்புகிறேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மாலை வேளைகளில் என்னிடம் வந்து, "ஐயா, வயிறு வலிக்கிறது, அப்பாவை வரச்சொல்லுங்கள்" என்பான். பாடத்திற்கு அஞ்சிக் கூறும் சாக்கு என்று கருதி, "போய் உட்கார்" என்றேன். சில மாதங்கள் கழித்தே உண்மை தெரிந்தது. மாலை வண்டியில் உடன் வரும் ஒருவரிடம் அவன் அஞ்சியிருந்தான். சொல்லத் தெரியாத துன்பத்திற்கு அவன் இட்ட பெயரே வயிற்றுவலி. "என்னப்பா நடந்தது?" என்று அன்றே நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

குழந்தைகள் பெரும்பாலும் நேராகச் சொல்வதில்லை. பள்ளி செல்லத் திடீரென மறுத்தல், உறக்கம் கெடுதல், ஒருவரைக் கண்டால் ஒதுங்குதல் ஆகியவற்றைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். குழந்தை வாய் திறந்தால் இடைமறியாமல் கேளுங்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்று வினவாதீர்கள். "நீ சொன்னது நல்லது, இது உன் தவறன்று" என்று கூறுங்கள். நடந்ததைப் பலரிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

நம்முடையது சிறிய சமூகம். ஊருக்கு ஊர் உறவால் பின்னியது. ஆதலின் "வெளியே தெரிந்தால் என்னாகும்?" என்ற அச்சம் நம் வீடுகளில் மிகுதி. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இவ்வச்சத்தை உணர்ந்தே இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாத ஆண், பெண் இருபாலரையும் அது காக்கிறது. குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் செய்தித்தாள்கள் வெளியிடலாகாது. குழந்தையின் வீட்டிலேயே வாக்குமூலம் பெறலாம். அதனைப் பதியும் காவலர் சீருடையில் இருத்தல் கூடாது. எக்காரணத்தாலும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் காவல் துறைக்குத் தெரிவியாத பெரியவர்க்கும், நிறுவனப் பொறுப்பாளர்க்கும் தண்டனை உண்டு. ஆனால் சொல்லாதிருந்த குழந்தைக்கு இல்லை. ஆகவே பள்ளியின் பெயரையோ குடும்பத்தின் பெயரையோ காக்க எண்ணி மூடி மறைப்பது சட்டப்படியும் குற்றமே.

மாணவச் செல்வங்களே! நீங்கள் நம்பும் பெரியவர் மூவரை இன்றே மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர், பள்ளியில் ஒருவர், உறவில் ஒருவர். முதலாமவர் செவி கொடாவிடில் இரண்டாமவரிடம் செல்லுங்கள்; அவரும் கேளாவிடில் மூன்றாமவரிடம் செல்லுங்கள். வாயால் சொல்ல நா எழாவிடில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் உங்களை மிரட்டினால், அதுவே உடனே சொல்ல வேண்டிய செய்தி என்று அறியுங்கள்.

பெற்றோர்களே, இன்றிரவு மதிப்பெண்ணைக் கேட்கும் முன், "இன்று பள்ளியில் உனக்கு மனம் நோக ஏதேனும் நடந்ததா?" என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். நான் அன்று கேளாத அக்கேள்வியை நீங்கள் கேட்பீர்களாயின், இவ்வுரையின் பயன் நிறைவேறும்.